ஃபோமில் எரிமலை: பாறை ஆறிய வரிசையிலேயே செதுக்குவது

பாதம் தேய்க்கக் கடையில் நுரைக்கல் விற்பார்களே, அதில் அசல் எரிமலைக் கல் ஒன்று கிடைத்தால் வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். துளைகள் எல்லாம் உருண்டையாக இருக்காது. ஒரு பக்கத்தில் குட்டிக் குட்டி வட்டங்கள் தெரியும். கல்லைக் கால் சுற்று திருப்பினால் அதே துளைகள் நீண்டு, ஒரே திசையில் இழுபட்ட குழல்களாகத் தெரியும். நுரைத்துக்கொண்டே நகர்ந்த குழம்பு, நகரும்போதே இறுகிப்போனதன் தடம் அது. எந்தப் பக்கமாக ஓடியது என்பதைக் கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். விளையாட்டு மேசைக்கு ஃபோமில் எரிமலை செதுக்கும்போது இந்த மாதிரித் தடத்தைத்தான் கொண்டுவர வேண்டும்.

பூமிக்கு அடியில் மாக்மா என்ற உருகிய பாறைக் குழம்புக்குள் நீரும் கரியமில வாயுவும் கரைந்து கிடக்கின்றன. மேலே ஏறி வர வர அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிகிறது. குமிழி வெளியேறுவதற்குள் குழம்பு இறுகிவிட்டால் நுரைக்கல். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு அதில் காற்று அடைபட்டிருக்கும். 2021 ஆகஸ்டில் ஜப்பானின் ஃபுகுடோகு-ஒகானோபா என்ற கடலடி எரிமலை வெடித்தபோது கிளம்பிய நுரைக்கற்கள் நெடுந்தூரம் மிதந்து போய், அக்டோபரில் ஒகினாவாவின் துறைமுகங்களை அடைத்துக்கொண்டன.

நான் செதுக்கும் எக்ஸ்பிஎஸ் என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகையை, அதாவது ஃபோம் போர்டைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்த நாளில் எனக்கு ஒரு பெரிய கதவு திறந்தது. பாலிஸ்டைரீனை உருக்கி, அழுத்தத்தில் வாயுவைக் கலந்து, ஒரு குறுகிய வாய் வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விழுகிறது, வாயு குமிழியாகிறது, குமிழியோடு சேர்ந்தே பிளாஸ்டிக் இறுகுகிறது. நுரைக்கல்லின் பிறப்பும் இந்த போர்டின் பிறப்பும் ஒரே வழிதான். போர்டின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 32 கிலோ, திட பாலிஸ்டைரீனின் அடர்த்தி சுமார் 1,050 கிலோ. கணக்குப் போட்டால், கையில் இருக்கும் போர்டில் 97 சதவீதம் வாயுதான். எரிமலைப் பாறை செய்ய இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், வார்ஹாமர் 40,000 மாதிரியான விளையாட்டுகளில் 28 மி.மீ. அளவிலான மினியேச்சர் வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடுவோம். மேசை வெறுமையாக இருந்தால் ஆட்டமும் வெறுமைதான். மறைந்துகொள்ளப் பாறை வேண்டும், ஏறி நின்று சுட மேடு வேண்டும், சுற்றிப் போக வைக்கும் தடை வேண்டும். இவற்றுக்கெல்லாம் மொத்தப் பெயர் டெரெய்ன். கடையில் பிளாஸ்டிக்காகவும் கிடைக்கும். கையால் செய்வதில் இருக்கும் நிறைவு அதில் கிடைக்காது.

எரிமலை மேசைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் சாம்பல் நிற உருண்டைப் பாறைகள், நடுவே சிவப்புப் பெயின்ட். மேசை அழகாகவே இருக்கும், எரிமலையாக மட்டும் இருக்காது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களின் கைக்கு உருண்டைப் பாறைதான் முதலில் வரும். செஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் பார்த்துப் பழகிய கண் அது. அந்தப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் உருவாகி, மேலே வந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் விளிம்பு தேய்ந்து உருண்டவை. (சென்னைப் பல்லாவரத்துச் சார்னக்கைட்டும் ஆழத்தில் பிறந்ததுதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அந்தக் கல்தான் போனது, அவர் பெயரே கல்லுக்கும் வந்தது.) லாவாப் பாறைக்கு இந்த நீண்ட வரலாறு கிடையாது. நேற்று ஓடி, இன்று ஆறி, விளிம்பு மழுங்காமல் கிடக்கும். கட்டரைக் கையில் எடுக்கும் முன், செய்யப்போகும் துண்டு எப்படி ஆறியது என்று நான் முடிவு செய்துகொள்வேன். நின்ற இடத்திலேயே மெதுவாக ஆறியதா, ஓடிக்கொண்டே ஆறியதா, வெடித்துப் பறந்து காற்றில் ஆறியதா? எந்தக் கருவி, எந்த வெட்டு, எந்த நிறம் என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்தே வந்துவிடும்.

முதலில் போர்டு வாங்க வேண்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மாகோல் இதற்குச் சரிவராது. அது நீராவியில் பொரித்த மணிகளை அச்சில் அழுத்தி ஒட்டியது. வெட்டினால் மணிமணியாகப் பிய்ந்து வரும், அந்த மணி வடிவம் எத்தனை கோட் பெயின்ட்டுக்கு அடியிலும் தெரியும். எக்ஸ்பிஎஸ் கிடைப்பது கட்டடப் பொருள் கடைகளில், மாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் பதிக்கும் போர்டாக. கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்கொயர் ஃபீட் மாடி சார்?" என்றுதான். "மாடிக்கு இல்லண்ணே, பொம்மைக்கு மலை செய்ய" என்றால் ஒரு நிமிடம் பார்ப்பார். அப்புறம் மூலை உடைந்த போர்டுகளைப் பின்னாலிருந்து எடுத்து வந்து, "இது யாரும் எடுக்க மாட்டாங்க, பாத்து குடுங்க" என்பார். எனக்கு வேண்டியதும் அதுதான். 50 மி.மீ. தடிமன் பாறைக்கு, 25 மி.மீ. மேடைகளுக்கு. டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வரும் தெர்மாகோலைக் குப்பைக்குப் போடாமல் வைத்திருங்கள். பெரிய குன்றின் வயிற்றுக்குள் அதை நிரப்பி, வெளித்தோலுக்கு மட்டும் எக்ஸ்பிஎஸ் போட்டால் செலவு பாதியாகும்.

போர்டின் இரு பக்கமும் வழவழப்பான ஒரு தோல் இருக்கும். அதைக் கட்டாயம் உரித்துவிடுங்கள். தோல் இருக்கும் இடத்தில் அழுத்தமும் பதியாது, பெயின்ட்டும் பிடிக்காது.

பிறகு கட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, கையால் உடையுங்கள். போர்டின் மேல் கால்வாசி ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் பட்டென்று முறியும். கீறிய பகுதி நேர்கோடாக இருக்கும். அதற்குக் கீழே முறிந்த பகுதியில் அலை அலையாக, படி படியாக ஒரு முகம் கிடைக்கும். பசால்ட் என்ற கறுத்த எரிமலைப் பாறை சுத்தியலால் உடைந்தால் வரும் முகத்துக்கு இது மிக நெருக்கமானது. கட்டரால் எவ்வளவு பொறுமையாகச் செதுக்கினாலும் இந்த இயல்பு வராது, ஏனென்றால் கை தன்னையறியாமல் ஒரே இடைவெளியில் ஒரே ஆழத்தில் வெட்டிக்கொண்டே போகும். முறிந்த முகத்தை வைத்துக்கொண்டு, நேராக இருக்கும் மேல்விளிம்பை மட்டும் கட்டரால் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்தால் போதும். கடைசியாக, அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, அழுத்தி உருட்டினால் மேற்பரப்பில் சொரசொரப்பு வந்துவிடும். தெருவில் கிடக்கும் ஜல்லி ஒன்றை எடுத்து அழுத்தினாலும் நன்றாகவே பதியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தூண் பாறை. தடிமனான லாவா ஓரிடத்தில் தேங்கி நின்று ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது மேற்பரப்பில் விரிசல் விடுகிறது. குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க விரிசலும் கூடவே இறங்கி, பாறை முழுதும் பக்கம் பக்கமாக நிற்கும் தூண்களாகப் பிளந்துகொள்கிறது. வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் இப்படிச் சுமார் 40,000 தூண்கள் கடலோரத்தில் நிற்கின்றன, ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் பழையவை. பெரும்பாலானவை அறுகோணம். ஆனால் ஐங்கோணமும் எழுகோணமும் நிறையவே கலந்திருக்கும். இதை மறந்து அத்தனையையும் கச்சிதமான அறுகோணமாக வெட்டினால், பாறை மாறி டைல்ஸ் தரையாகிவிடும்.

நமக்கு அருகிலேயே பார்க்க வேண்டுமானால் உடுப்பி போங்கள். மல்பே கடற்கரையிலிருந்து படகில் செயின்ட் மேரிஸ் தீவு. மழைக்காலத்தில் படகு ஓடாது. மடகாஸ்கர் இந்தியாவிடமிருந்து பிரிந்த காலத்தோடு தொடர்புடைய, சுமார் 8.8 கோடி ஆண்டு பழைய லாவா அங்கே தூண் தூணாக நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. சிலிக்கா மிகுந்த லாவா என்பதால் கன்னங்கரேலென்று இருக்காது. மும்பை அந்தேரியில் வீடுகளுக்கு நடுவே நிற்கும் கில்பர்ட் ஹில் கறுத்த பசால்ட், சுமார் 200 அடி உயரம். செயின்ட் மேரிஸில் நான் மணிக்கணக்காகப் பார்த்தது தூண்களின் தலைகளை. பக்கத்துப் பக்கத்துத் தூண்களில் ஒன்று விரல் கடை அளவு உயரமாக இருக்கும், அடுத்தது முழங்கால் அளவு தாழ்ந்திருக்கும். உயரம் மாறுவது ஒழுங்காகப் படிக்கட்டாக மாறாது. திடீரென்று நாலைந்து தூண்கள் ஒரே மட்டத்தில் நின்று ஒரு திண்ணை கிடைக்கும், அதை ஒட்டி ஒரு பள்ளம். இந்த ஒழுங்கின்மைதான் மேசைக்கும் வேண்டும். அந்தத் திண்ணையில்தான் மினியேச்சர் நிற்கப்போகிறது.

அளவுக் கணக்கு இங்கே முக்கியம். 28 மி.மீ. மினியேச்சர் என்பது ஏறக்குறைய 1:56 விகிதம். காஸ்வேயில் ஒரு தூண் பொதுவாக 30 முதல் 50 செ.மீ. அகலம் என்று வைத்தால், மேசையில் அது 5 முதல் 9 மி.மீ. அவ்வளவு ஒல்லியான குச்சிகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவது வீண். ஒரே கட்டியில் மேல் முகத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி விரிசல் வலையை வரையுங்கள், பக்கவாட்டில் அதே கோடுகளைக் கீழே இறக்குங்கள். பேனா முனை ஃபோமை வெட்டாமல் நசுக்கிக்கொண்டு போவதால், விளிம்பு லேசாக உருண்ட ஒரு பள்ளம் கிடைக்கும். பிறகு சில தூண்களின் தலையைக் கட்டை விரலால் அமுக்குங்கள், சிலவற்றைக் கட்டரால் வெட்டி எடுங்கள். பெரிய தூண்தான் வேண்டுமென்றால் அமெரிக்காவின் வையோமிங்கில் இருக்கும் டெவில்ஸ் டவரைப் பின்பற்றலாம். அங்கே ஒரு தூணே அடியில் சுமார் 2 மீட்டர் அகலம், நம் விகிதத்தில் சுமார் 36 மி.மீ. அந்த அகலத்தில் வெட்டினால் ஒரு 32 மி.மீ. பேஸ் (மினியேச்சர் நிற்கும் அடித்தட்டு) ஒரே தூணின் தலையில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அவற்றை மின்சாரத்தில் சூடாகும் நைக்ரோம் கம்பியில் (ஹாட் வயர்) ஒவ்வொன்றாக அறுத்து ஒட்டுவதுதான் சரி. கம்பி புகையாமல் நழுவிக்கொண்டு போக வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

இன்னொன்று. தூண்கள் எப்போதும் குளிர்ந்த முகத்துக்குச் செங்குத்தாகவே வளரும். தேங்கிய குட்டையில் மேலும் கீழும் குளிர்வதால் தூண் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்த ஒரு பிளவுக்குள் லாவா புகுந்து ஆறியிருந்தால் இரு பக்கச் சுவர்களும் குளிரும், தூண்கள் படுத்துவிடும். மேசையில் ஒரு சுவரை இப்படிப் படுத்த தூண்களால் செய்து வைத்தால், பாறையைப் பற்றித் தெரிந்த ஒருவர் வந்து பார்த்ததும் முகம் மலர்வார்.

வெடித்துப் பறந்து ஆறிய லாவாவுக்கு வேறு வழி. ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக ஃபோமில் அடிக்காதீர்கள் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள், அது சரிதான். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஆனால் வாயுக் குமிழிகள் நிறைந்த ஸ்கோரியா பாறையை நாம் தேடும்போது அந்தக் கரைப்புதான் வேண்டியிருக்கிறது. மலிவான ஸ்ப்ரே கேனைத் தள்ளிப் பிடித்து மெல்ல அடித்தால், ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் ஒரு குழி தோண்டும். கிட்டே கொண்டுபோனால் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து குகையாகும். எந்த முகத்தில் குழி வேண்டாமோ, அங்கே முந்தின நாளே ஃபெவிகால் பூசிக் காயவிடுங்கள். ஒரே பாறையில் ஒரு பக்கம் வழவழப்பான முறிவு, மறு பக்கம் குமிழி வெடித்த சொரசொரப்பு என்று வரும். மெல்லிய ஸ்ப்ரேயைத்தான் ஃபெவிகால் தாங்கும். அசிட்டோனைப் பிரஷ்ஷில் தொட்டுப் பூசினால் ஃபெவிகாலும் இளகிவிடும்.

இதை மொட்டை மாடியில் செய்யுங்கள், வீட்டுக்குள் கூடாது. துணி மாஸ்க்கும் என்95-உம் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். ஆவி முழுதும் போகும்வரை, அதாவது ஒரு நாள் முழுக்க, பக்கத்தில் ஹாட் வயரோ ஹீட் கன்னோ நெருப்போ வரக்கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வேலையை மட்டும் அவர்கள் இல்லாத நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடி ஆறிய லாவாவில் இரண்டு முக்கிய வகை, இரண்டுக்கும் ஹவாயிலிருந்து வந்த பெயர்கள். பஹோயேஹோயே வழுவழுப்பாக, கயிறு கயிறாகச் சுருண்டு கிடக்கும். ஆஆ உடைந்த கரடுமுரடான கட்டிகளின் குவியல். பஹோயேஹோயே உருவாவதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். சூடான பாலில் ஆடை படிந்ததும் டம்ளரைச் சாய்த்தால் ஆடை ஒரு பக்கம் ஒதுங்கி மடிப்பு மடிப்பாகச் சுருங்குமே, அதேதான். மேல்தோல் இறுகிவிட்டது, அடியில் குழம்பு இன்னும் நகர்கிறது, தோல் மடிகிறது. ஓட்டம் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் இருப்பதால் மடிப்புகள் வில்லாக வளைந்து, வளைவின் முதுகு இறக்கத்தைப் பார்த்து நிற்கும். இந்த வளைவைத் திருப்பி வைத்துவிட்டால் லாவா மலையேறுவதாக ஆகிவிடும்.

செய்முறை சுலபம். டிஷ்யூ பேப்பரை ஒற்றை அடுக்காகப் பிரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஓட்டத்தின் மேல் தளர்வாகப் போடுங்கள். பிரஷ்ஷின் பின்பக்கத்தால் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள், நடுவில் அதிகமாக, ஓரத்தில் குறைவாக. மடிப்பு தானாக வில்லாகும். காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிடும். ஆஆவுக்கு, இதுவரை செதுக்கியதில் தரையில் கொட்டிய அத்தனை ஃபோம் துணுக்கும் பயன்படும். சலித்து, பெரியது சிறியது கலந்து, ஃபெவிகாலில் குழைத்துக் கொட்டுங்கள். பாலிஸ்டைரீன் மட்காது. பெருக்கி வெளியே கொட்டினால் மழைநீர்க் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும்தான் போகும். என் வீட்டில் துணுக்குகளுக்கென்றே ஒரு டப்பா இருக்கிறது, அது நிரம்பினால் அடுத்த ஆஆ.

எல்லாம் ஒட்டி முடித்ததும் ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக்கும் சிறிது வால் புட்டியும் கலந்து இரண்டு கோட். முதல் கோட் முழுதும் காய்ந்த பிறகே இரண்டாவது. அடியில் 3 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை வைப்பதானால் அதன் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் பலகை வளைந்துவிடும்.

இனி நிறம். எரிமலை மேசைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மினியேச்சர் பெயின்டிங்கில் நாம் பழகியது, பள்ளத்தில் இருட்டு, மேட்டில் வெளிச்சம். லாவாவில் இது தலைகீழ். பசால்ட் லாவா 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் வெளியே வரும்போது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஆற ஆற ஆரஞ்சு, பிறகு சிவப்பு, 700 டிகிரி வாக்கில் மங்கிய கருஞ்சிவப்பு. அதற்கும் கீழே போனால் பகல் வெளிச்சத்தில் வெறும் கறுப்பு. காற்றுபடும் மேல்தோல்தான் முதலில் ஆறும், விரிசலின் அடிதான் கடைசிவரை கொதிக்கும். எனவே ஆழத்தில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு, மேலே கறுப்பு. 2021 மார்ச் 19 அன்று ஐஸ்லாந்தின் ஃபாக்ரடால்ஸ்ஃப்யாட்ல் வெடிக்கத் தொடங்கியதும் நேரலைக் கேமராக்களிலும் டிரோன் வீடியோக்களிலும் இதை உலகமே பார்த்தது. அந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதான் எனக்கு இன்றுவரை பாடம்.

நான் செய்யும் வரிசை இது. லாவா வரும் இடம் முழுக்க முதலில் வெள்ளை. மஞ்சளையும் சிவப்பையும் நேராகக் கறுப்பின் மேல் போட்டால் செத்துப்போகும். வெள்ளை காய்ந்ததும் அதன் மேல் மஞ்சள் மையைத் தண்ணீராக ஓடவிடுவேன், அது தானாகப் பள்ளத்தைத் தேடிப் போகும். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே ஓரங்களில் ஆரஞ்சு, அதற்கு வெளியே சிவப்பு. கடைசியாகத்தான் கறுப்பு. பெரிய தட்டைப் பிரஷ்ஷில் கறுப்பைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் உரசிக்கொண்டு போனால், வழக்கமாக வெளிச்சம் கொடுக்கும் டிரை பிரஷ் இங்கே இருட்டைக் கொடுக்கும். பாறைமேல் ஓடு படிவது கண்ணெதிரே நடக்கும். இந்த ஒரு கட்டத்துக்காகவே நான் மற்ற எல்லா வேலையையும் செய்கிறேன் என்று சொல்லலாம்.

தேங்கிய லாவாக் குளத்துக்கு வேறு தோற்றம். ஹவாயின் கிலாவேயாவிலும் காங்கோவின் நியிராகோங்கோவிலும் லாவா ஏரிகளைப் படம் பிடித்திருக்கிறார்கள். மேற்பரப்பு பெரிய கறுத்த தகடுகளாக மூடியிருக்கும், தகடுகளுக்கு நடுவே மெல்லிய பளீர் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும். முழுக் குளத்தையும் ஆரஞ்சாக்கத் தேவையில்லை. முக்கால்வாசி கறுப்பாக இருந்தால்தான் மீதி கால்வாசி கொதிப்பதாகத் தெரியும்.

லாவாவின் வெளிச்சம் பக்கத்துப் பாறையில் விழ வேண்டும். இதை மனக்கணக்கில் செய்யாதீர்கள். அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சின் மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளை (செல்லோஃபேன்) ஒட்டி, லாவா இருக்கும் மட்டத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எந்த முகம் லாவாவைப் பார்க்கிறதோ அதில் மட்டும் வெளிச்சம் விழுந்திருக்கும். துருத்தி நிற்கும் பாறையின் அடிவயிற்றில் நன்றாக விழும், மேல் முகத்தில் துளியும் விழாது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே மட்டும் மெல்லிய ஆரஞ்சு. தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும். இரண்டு அங்குலத்துக்கு மேல் நான் கொண்டுபோவதில்லை.

மீதிப் பாறையைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறவர்கள் பலர். எரிமலையில் கறுப்பு பல விதம். புதிதாக ஆறிய பஹோயேஹோயேயின் தோல் கண்ணாடியானது, வெயிலில் வெள்ளி மாதிரி மினுங்கும். கறுப்பில் சொட்டு சில்வர் கலந்து தேய்த்தால் அது வந்துவிடும். எரிமலை வாயை ஒட்டிய ஸ்கோரியாவில் இருக்கும் இரும்பு, சூட்டோடு காற்றுபட்டுத் துருவாகச் சிவந்திருக்கும். செங்கல்லைப் பொடித்துச் சலித்து ஃபெவிகால் மேல் தூவினால் அந்தச் சிவப்பு கிடைக்கும், எந்தப் பெயின்ட்டும் அவ்வளவு இயல்பாக வராது. ஆவி கக்கும் துளைகளைச் சுற்றிக் கந்தகம் எலுமிச்சை மஞ்சளாகப் படியும், இந்தோனேசியாவின் கவா இஜெனில் அதை வெட்டிச் சுமந்து போகவே ஆட்கள் இருக்கிறார்கள். மேசையில் ஓரிரண்டு துளைகளுக்கு மட்டும், உலர்ந்த மஞ்சள் நிறப் பொடி. லாவாவின் மஞ்சளும் இதுவும் பக்கத்தில் வரக்கூடாது, ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

அழகு பார்த்து முடித்ததும் ஆடிப் பார்க்க வேண்டும். டெரெய்ன் என்பது கண்காட்சிக்கு வைப்பதல்ல. ஒவ்வொரு பாறையிலும் குறைந்தது இரண்டு மினியேச்சராவது சாயாமல் நிற்கும் தட்டையான இடம் வேண்டும். எப்போதும் ஒரு 32 மி.மீ. பேஸைக் கையருகே வைத்துக்கொண்டு, செதுக்கும்போதே வைத்து வைத்துப் பார்ப்பேன். உலோக மினியேச்சர் சரிவில் வழுக்கி விழுந்தால் வாரக்கணக்கில் செய்த பெயின்ட்டிங் உரிந்துபோகும். வண்டிகள் ஓடும் ஆட்டமென்றால் இரண்டு பாறைக்கு நடுவே நாலு அங்குல வழியாவது விடுங்கள். லாவாவைக் கடக்கவே முடியாதா, ஆபத்தோடு கடக்கலாமா என்பதை முதல் நகர்வுக்கு முன்பே எதிராளியோடு பேசி முடித்துவிடுங்கள். "மச்சான், இந்த ஓட்டு மேல நிக்கலாமா?" என்ற கேள்வி ஆட்டத்தின் நடுவில் வந்தால் அரை மணி நேரம் போய்விடும். எங்கள் குழுவில் கறுத்த ஓட்டின் மேல் நிற்கலாம், ஆனால் பகடையில் ஒன்று விழுந்தால் ஓடு உடையும். இந்த விதி வந்த பிறகு எல்லோரும் ஓடு எது, விரிசல் எது என்று குனிந்து கூர்ந்து பார்க்கிறார்கள். செய்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்து நான் செய்யப்போவது கொதிக்கும் லாவாவே இல்லாத எரிமலை மேசை. ஐஸ்லாந்தின் லாக்கி பிளவு 1783 ஜூனில் திறந்து 1784 பிப்ரவரி வரை கக்கியது. அந்த லாவா வெளி இன்று மைல் கணக்கில் பாசி மூடிக் கிடக்கிறது. பாறையின் முதுகில் எல்லாம் தடிமனான சாம்பல்-பச்சை மெத்தை, விரிசலுக்குள் மட்டும் பழைய கறுப்பு. மழை பெய்தால் அதே பாசி பளிச்சென்ற பச்சையாகிவிடும். கடையில் விற்கும் புல் பொடி இதற்கு ஒத்துவராது, அளவுக்கு மீறி நேர்த்தியாக இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து மிக்ஸியில் அடித்து, சாம்பல், மஞ்சள், பச்சை மூன்றையும் தனித்தனியாக ஊறவைத்துக் காயவைத்தேன். சாம்பலை முதலில் போட்டு, ஃபெவிகால் ஈரம் இருக்கும்போதே மஞ்சள்-பச்சையைக் கிள்ளித் தூவிய மாதிரித் துண்டு மிக அருகில் வந்திருக்கிறது. பழைய மிக்ஸி ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்கு அதைத் திரும்ப எடுக்கவே கூடாது. போர்டுகள் தோல் உரித்துத் தயாராக இருக்கின்றன. மழைக்காலம் முடிந்து காற்று உலர்ந்ததும் ஒட்டத் தொடங்கிவிடலாம். ஈரக் காற்றில் ஃபெவிகால் காய நாளாகும்.